குடும்ப விளையாட்டுக் கருவிகளும் மதிப்பெண் திறனாய்வும்: நிண்டெண்டோ வீ கருவியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வீடியோ கேம் என மக்கள் வழங்கும் காணொலி விளையாட்டுகளுக்கு இதழ்களும் இணையத்தளங்களும் மதிப்புரை எழுதி, இறுதியில் ஓர் எண்ணை மதிப்பெண்ணாக வழங்கி வருகின்றன. தனியாக விளையாடும் தேர்ந்த ஆட்டக்காரரை மனத்திற்கொண்டு வளர்ந்த இம்முறை, பாட்டி முதல் பேரக்குழந்தை வரை ஒரே கூடத்தில் அமர்ந்து விளையாடும் குடும்பக் கருவிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும். 2006இல் வெளிவந்த நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கருவியும் அதற்கான சில விளையாட்டுகளும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒற்றை எண்ணுக்கு மாற்றாக ஐந்து கூறுகள் கொண்ட மதிப்பீட்டு முறையொன்று இறுதியில் முன்மொழியப்படுகிறது.

குறிச்சொற்கள்: காணொலி விளையாட்டு, மதிப்புரை, மதிப்பெண், வயதுத் தரக்குறியீடு, குடும்பக் கருவி, திறனாய்வு.

1. முன்னுரை

ஒரு படைப்பின் குணங்களையும் குற்றங்களையும் வகுத்துக் காட்டுவது திறனாய்வின் அடிப்படைப் பணியாகும். நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூல் தனித்தனியே பட்டியலிடுகிறது. அவற்றைக் கூட்டியும் கழித்தும் ஒரே எண்ணாக்கும் முயற்சி அங்கில்லை. காணொலி விளையாட்டுத் திறனாய்வோ தொடக்க காலத்திலேயே எண்ணை நாடியது. வாங்குவோர்க்கு விரைந்து வழிகாட்டும் நுகர்வோர் கையேடாக அது பிறந்தமையே இதற்குக் காரணம் எனலாம். விலை மிகுந்த ஒரு பொருளை விளையாடிப் பார்க்காமலேயே வாங்க வேண்டியிருந்த நிலையில், பத்துக்கு எட்டு என்ற குறிப்பு வாசகருக்குப் பெருந்துணையாயிற்று.

ஆயினும் எண்ணைப் படிப்பவரும் விளையாட்டை ஆடுபவரும் ஒருவரே என்ற எண்ணம் இம்முறையின் அடியில் உறைந்துள்ளது. குடும்பக் கருவியில் இவ்வெண்ணம் தகர்கிறது. வாங்குபவர் தாய் அல்லது தந்தை, ஆடுபவர் குழந்தைகள், சில வேளைகளில் வீடு முழுவதும். வாங்குபவர் அத்துறையின் வழக்குகளை அறியாதவராகவும் இருக்கலாம். எனவே எண்ணை மிகுதியும் சார்ந்திருப்பவர்க்கே அதன் பொருள் மிகக் குறைவாக விளங்கும் முரண்நிலை தோன்றுகிறது. இம்முரணை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெற்றோர் காணும் மூன்று குறிகள்

விளையாட்டுப் பெட்டியைக் கையில் எடுக்கும் பெற்றோர் மூன்று வகைக் குறிகளைக் காண நேர்கிறது. அவை வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிப்பன. ஆனால் நடைமுறையில் ஒன்றாகவே வாசிக்கப்படுகின்றன.

முதலாவது, நிறுவன முத்திரை. 1983இல் வட அமெரிக்க விளையாட்டுச் சந்தை சரிந்ததற்குத் தரமற்ற விளையாட்டுகள் மலிந்ததும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 1985இல் அச்சந்தையில் நுழைந்த நிண்டெண்டோ, தன் ஒப்புதல் பெற்ற விளையாட்டுகளின் மீது ‘தர முத்திரை’ பொறித்தது. அது கருவியில் முறையாக இயங்கும் உரிமம் பெற்ற பொருள் என்பதற்கே சான்றாகும். விளையாட்டு சுவையானது என்பதற்குச் சான்றன்று. 2003இல் ‘தரம்’ என்ற சொல் நீக்கப்பட்டு, முத்திரை மட்டும் நிலைத்தது.

இரண்டாவது, வயதுத் தரக்குறியீடு. மார்ட்டல் காம்பட் போன்ற விளையாட்டுகளின் வன்முறை குறித்து 1993 டிசம்பரில் அமெரிக்க மேலவையில் விசாரணை நடைபெற்றது. அவ்விளையாட்டின் நிண்டெண்டோ பதிப்பில் குருதி நீக்கப்பட்டு, வியர்வை போன்ற சாம்பல் நிறத் துளிகள் இடம்பெற்றிருந்தன. குடும்பக் கருவி என்ற பெயரைக் காக்க அந்நிறுவனம் மேற்கொண்ட கட்டுப்பாட்டிற்கு இது தக்க சான்றாகும். விசாரணையின் விளைவாக 1994இல் அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி என்னும் தரப்படுத்தும் வாரியம் உருவாயிற்று. ஜப்பானில் செரோ 2002இலும் ஐரோப்பாவில் பெகி 2003இலும் தோன்றின. இவ்வமைப்புகள் வன்முறை, பாலியல், கொச்சைச் சொல், சூதாட்டம் முதலியவற்றின் அளவைக் குறிக்கின்றன. ‘அனைவர்க்கும் உரியது’ என்னும் குறியீடு தீங்கான உள்ளடக்கம் இல்லை என்று மட்டுமே கூறுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் ஏற்றது என்று பெகி குறிக்கும் விளையாட்டை மூன்று வயதுக் குழந்தையால் ஆட இயலும் என்று கொள்ளக் கூடாது.

மூன்றாவது, மதிப்புரையாளர் வழங்கும் மதிப்பெண். இதுவொன்றே தரத்தைப் பேசுகிறது. ஆயினும் எவருக்குத் தரமானது என்ற வினாவை அது பெரும்பாலும் விடுத்துச் செல்கிறது. முத்திரை ‘இயங்கும்’ என்கிறது. குறியீடு ‘தீங்கில்லை’ என்கிறது. மதிப்பெண் ‘நன்று’ என்கிறது. ‘எங்கள் வீட்டிற்கு நன்றா?’ என்ற பெற்றோரின் வினாவிற்கு மூன்றும் நேரடியாக விடையளிப்பதில்லை.

3. மதிப்பெண் முறையின் இயல்பு

ஜப்பானில் 1986இல் தொடங்கிய ஃபமிட்சு இதழ், நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் வழங்க, கூட்டுத்தொகையை நாற்பதுக்குக் காட்டும் முறையைப் பரப்பியது. நாற்பதுக்கு நாற்பது பெற்ற முதல் விளையாட்டு 1998இல் வெளிவந்த ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ ஆகும். நால்வரின் எண்களும் தனித்தனியே அச்சிடப்படுவது இம்முறையின் சிறப்பு. 8, 8, 8, 8 என்பதும் 10, 10, 7, 5 என்பதும் கூட்டினால் 32 ஆகும். முன்னது ஒருமித்த நல்லெண்ணத்தைக் காட்டுகிறது. பின்னது சிலரைக் கவர்ந்து சிலரை விலக்கும் படைப்பைக் காட்டுகிறது. குடும்பத்திற்கு வாங்குபவர் அறிய வேண்டுவது கூட்டுத்தொகையைக் காட்டிலும் இவ்வேறுபாட்டையே.

2001இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் தளம் பல இதழ்களின் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றி, நிறையிட்ட சராசரியைக் கணக்கிடுகிறது. எந்த இதழுக்கு எவ்வளவு நிறை என்பதை அது வெளியிடுவதில்லை. ஐந்து விண்மீன்களுக்கு மூன்று வழங்கும் இதழ் ‘குறைசொல்லத் தக்கதன்று’ என்ற பொருளில் வழங்கினும், அது 60 ஆக மாறுகிறது. விளையாட்டுகளுக்கு 75 முதலே பச்சை நிறம் கிடைப்பதால், அந்த 60 மஞ்சள் நிறத்தில் ‘கலவையான கருத்து’ என்று நிற்கிறது. அத்தளம் திரைப்படங்களுக்கு 61 முதலே பச்சை நிறம் வழங்கி வந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது. விளையாட்டு மதிப்பெண்கள் அளவுகோலின் மேற்பகுதியில் நெருங்கிக் கிடக்கின்றன என்பதை இவ்வேறுபாடே உணர்த்தும். பத்துக்கு ஏழு என்பதைப் பள்ளித் தேர்வு மதிப்பெண் போல் ‘நன்று’ என்று பெற்றோர் கொள்வர். துறையறிந்த வாசகரோ ‘சுமார்’ என்று கொள்வர். ஒரே எண் இரு வாசகரிடம் இரு பொருள் கொள்கிறது.

இவ்வெண் படைப்பாளரின் வருவாயையும் தொடுகிறது. 2010இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திற்கு, மெட்டாக்ரிட்டிக் சராசரி 85 ஆக இருந்தால் ஊக்கத்தொகை கிடைக்கும் என ஒப்பந்தம் இருந்தது, கிடைத்ததோ 84, தொகை கைவிட்டுப் போயிற்று. இதனை அதன் படைப்பாளருள் ஒருவரே 2012இல் வெளிப்படுத்தினார். அது குடும்ப விளையாட்டன்று. எனினும் எந்த வகை விளையாட்டு உயர்மதிப்பெண் பெறுமோ அந்த வகைக்கே முதலீடு செல்லும் என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது. குடும்ப விளையாட்டுகளைத் தவறான அளவுகோலால் அளப்பின், அவ்வகையில் அக்கறையுடன் உழைப்போர்க்கு ஊக்கம் குறையும்.

4. வீ கருவி எழுப்பிய சிக்கல்

2006 நவம்பரில் வட அமெரிக்காவிலும் டிசம்பரில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த வீ, போட்டிக் கருவிகளான எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றைப் போல் உயர்தெளிவுப் படத்தை வழங்கவில்லை. மாறாக, கையசைவை உணரும் ரிமோட்டை முன்வைத்தது. பொத்தான்களின் பயன்பாட்டை அறியாதவரும் கையை வீசிப் பந்தடிக்கலாம். இதற்கு முன்னர் அந்நிறுவனம் வெளியிட்ட கேம்கியூப் ஏறத்தாழ 2 கோடியே 17 லட்சம் விற்றது. வீ 10 கோடியே 16 லட்சம் விற்றது. விளையாட்டை அறியாதிருந்த வீடுகளுக்குள் அது நுழைந்தது என்பதில் ஐயமில்லை.

மதிப்புரையாளரின் அளவுகோல் அவ்வாறு மாறவில்லை. வரைகலை, ஒலி, ஆழம், நீளம் என்னும் பழைய கூறுகளே தொடர்ந்தன. ‘வீ ஸ்போர்ட்ஸ்’ டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்னும் ஐந்து ஆட்டங்களைக் கொண்டது. எளிய உருவங்களும் ஆழக் குறைவும் குறைகளாகச் சுட்டப்பட, அதன் சராசரி 76 ஆயிற்று. 2007இல் வந்த ‘சூப்பர் மாரியோ கேலக்சி’ 97 பெற்றது. தனியாக விளையாடும் ஒருவர்க்கு இவ்வேறுபாடு முற்றிலும் நியாயமானது. ஆனால் பௌலிங் ஆட்டத்தில் ஒரே ரிமோட்டை நால்வர் கைமாற்றி ஆடலாம். நால்வர்க்கு நான்கு ரிமோட் வாங்க வேண்டிய செலவு இல்லை. தன் முறை வரும்வரை மற்றவர் ஆடுவதைப் பார்த்திருப்பதும் ஆட்டத்தின் பகுதியாகிறது. வரைகலையையும் ஆழத்தையும் அளக்கும் பட்டியலில் இந்நற்பண்புக்கு இடமில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வீ ஸ்போர்ட்ஸ் 8 கோடியே 29 லட்சம் படிகள் பரவியதைக் காட்டி, திறனாய்வாளர் தவறினர் என்று முடிவு கூறுவோர் உளர். ஜப்பான் நீங்கலாகப் பெரும்பாலான நாடுகளில் அது கருவியுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. எனவே அவ்வெண்ணிக்கை விருப்பத்தின் அளவாகாது. 58 என்னும் தாழ்ந்த சராசரி பெற்ற ‘வீ பிளே’ 2 கோடியே 80 லட்சம் விற்றதற்கும், அதனுடன் ஒரு ரிமோட் இணைத்து விற்கப்பட்டமையே பெருங்காரணமாகும். விற்பனையைத் தரத்திற்குச் சான்றாக்குவதும் தனி ஆட்டக்காரரின் அளவுகோலைக் குடும்பத்திற்கு ஏற்றுவதும் ஒரே வகைப் பிழைகளே. இரண்டும் கூடத்தில் என்ன நிகழ்ந்தது என்று நோக்குவதில்லை.

5. மதிப்பெண்ணுக்குள் அடங்காத கூறுகள்: மூன்று சான்றுகள்

5.1 திறன் வேறுபாடு

2009இல் வந்த ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’ நால்வர் ஒருங்கே ஆடுவதற்குரியது. ஆறு வயதுக் குழந்தையும் பதினாறு வயது அண்ணனும் சேர்ந்து ஆடுகையில் குழந்தை பின்தங்கும். அந்நிலையில் ஒரு பொத்தானை அழுத்திக் குழந்தை குமிழிக்குள் புகுந்து மிதக்கலாம். கடினமான இடத்தை அண்ணன் கடந்தபின் குமிழியை உடைத்து மீட்பான். அனைவரும் குமிழிக்குள் புகுந்தால் ஆட்டம் தோற்கும். ஆதலால் ஒருவரேனும் பொறுப்பேற்க வேண்டியதாகிறது. தனியே ஆடுபவர் ஒரே கட்டத்தில் எட்டு முறை உயிரிழந்தால், பச்சைக் கட்டம் ஒன்று தோன்றும். அதைத் தட்டினால் லூயிஜி என்னும் பாத்திரம் வழியை ஆடிக் காட்டும். இடையிலேயே ஆட்டத்தைத் தாமே ஏற்றுக்கொள்ளவும் இயலும். சவாலைக் குறைப்பது என இதைக் குறைகூறலாம். கற்பிக்கும் உத்தி எனப் பாராட்டவும் செய்யலாம். எவர்க்காக எழுதுகிறோம் என்று முடிவு செய்யாத மதிப்புரையாளரால் இவ்விரண்டில் எதனையும் தெளிவுறக் கூறவியலாது.

கேலக்சியிலும் இரண்டாமவர் மற்றொரு ரிமோட்டால் திரையைச் சுட்டி விண்மீன் துணுக்குகளைத் திரட்டித் துணைபுரியலாம். தோல்வி அச்சமின்றி ஒரு சிறு குழந்தை பங்கேற்கும் வழி இது. 97 என்ற எண் இதனைக் கூறாது.

5.2 காலம்

உடற்பயிற்சி விளையாட்டான ‘வீ ஃபிட்’ 2007 டிசம்பரில் ஜப்பானில் வெளியாயிற்று. நிறையறியும் பலகை மீது ஏறி நின்று ஆடும் அதன் பயன், பல வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்திய பின்னரே தெரியவரும். வெளியீட்டு நாளை ஒட்டி எழுதப்படும் மதிப்புரை அத்தகைய காலத்தைக் கொண்டிருத்தல் அரிது. மேலும், உடல்நிறைக் குறியீட்டின் அடிப்படையில் அது குழந்தைகளையும் ‘பருமன்’ என வகைப்படுத்தியது 2008இல் பிரித்தானியாவில் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. வளரும் குழந்தைக்கு அவ்வளவீடு பெரியவர்க்குப் போல் பொருந்தாது. வன்முறையோ கொச்சைச் சொல்லோ இன்மையால் வயதுத் தரக்குறியீடு இதனைச் சுட்ட வழியில்லை. பெரியவர் ஒருவரே ஆடி எழுதிய மதிப்புரைக்கும் இது புலப்படவில்லை. குழந்தையின் மனத்தைப் புண்படுத்தும் ஒரு சொல் இரு சல்லடைகளுக்கும் இடையே நழுவிற்று.

5.3 பகிர்வு

வீக்குப் பின்னர் 2017இல் வந்த ஸ்விட்ச் கருவியிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. 2020 மார்ச் 20 அன்று வெளியான ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ திறனாய்வாளரிடம் 90 பெற்றது. அதில் ஒரு கருவிக்கு ஒரு தீவே உண்டு. முதலில் தொடங்கியவரே தீவின் பிரதிநிதியாவார். கதை பெரிதும் அவர் செயலாலேயே முன்னகரும். ஏனைய உடன்பிறப்புகள் அத்தீவில் குடியிருக்கலாம், முடிவெடுக்க இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டினுள் அடைபட்ட குடும்பங்களில் இது மனத்தாங்கலை விளைவித்தது. பயனர் பலர் மெட்டாக்ரிட்டிக்கில் மிகத் தாழ்ந்த மதிப்பெண்களைக் குவித்தனர். அதே ஆண்டு ஜூலையில் அத்தளம், விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர் மதிப்பெண் இடலாம் என விதித்தது.

பயனர் வழங்கிய சுழியங்கள் அளவற்ற சினத்தின் வெளிப்பாடே. அமைதியும் அழகும் வாய்ந்த அவ்விளையாட்டு சுழியத்திற்கு உரியதன்று. ஆயினும் அச்சினத்தின் உள்ளே மெய்யான செய்தி ஒன்று இருந்தது. தனி ஒருவரின் கையில் 90 பெறும் விளையாட்டு, ஒரு கருவியைப் பகிரும் மூன்று குழந்தைகளின் வீட்டில் வேறொன்றாகிறது. இரண்டு மதிப்பீடுகளும் உண்மையே. சராசரி மட்டுமே இரண்டையும் மறைக்கிறது.

6. மாற்று முறை: ஐந்து கூறுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து குடும்பக் கருவிக்கான மதிப்புரை காண வேண்டிய ஐந்து கூறுகளை வகுக்கலாம்.

முதலாவது, நுழைவு எளிமை. விளையாட்டறியாத ஒருவர் எவ்வளவு நேரத்தில் ஆடத் தொடங்குகிறார், திரையில் தோன்றும் எழுத்தைப் படிக்கத் தெரியாத குழந்தையால் ஆட இயலுமா என்பன இதில் அடங்கும். இரண்டாவது, திறன் ஏற்பு. வல்லவரும் தொடக்கநிலையினரும் ஒருங்கே ஆடுகையில் இருவர்க்கும் பங்குண்டா என்பது. மூன்றாவது, பகிர்வு. எத்தனைபேர், எத்தனை ரிமோட்டுகள், எத்தனை தனிச் சேமிப்புகள், கூடுதல் செலவு எவ்வளவு என்பன. நான்காவது, நிலைப்பு. முதல் மாலைக்குப் பின்னும் வீட்டார் அதனை நாடுகின்றனரா என்பது. ஐந்தாவது, தீங்கின்மை. வயதுத் தரக்குறியீடு காணாத இழிசொல், வற்புறுத்தும் விற்பனை, உடற்பாதுகாப்பு ஆகியவை இதன்பாற்படும். விளையாட்டினுள் பணம் கேட்கும் வழக்கம் பெருகியதால், 2018இல் ஈஎஸ்ஆர்பி அதற்கெனத் தனிக் குறிப்பைச் சேர்த்தது. வீ வெளியான சில நாள்களிலேயே கை வீச்சில் ரிமோட் நழுவிய நிகழ்வுகளால், அதன் கைப்பட்டையை வலிமையானதாக மாற்றித்தர நேர்ந்ததும் இங்கு எண்ணத்தக்கது.

இவ்வைந்தினையும் தனித்தனியே மதிப்பிடலாம். கூட்டிச் சராசரி காண்பது தவிர்க்கப்பட வேண்டும். தீங்கின்மையில் உள்ள பெருங்குறையை நுழைவு எளிமையின் நிறையால் ஈடுசெய்ய இயலாது. மதிப்புரையாளர் தனியாக ஒருமுறையும், வயதும் திறனும் வேறுபட்டோருடன் மற்றொரு முறையும் ஆடுதல் வேண்டும். எவருடன், எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதை மதிப்புரையின் தலைப்பிலேயே குறித்தல் நலம்.

7. எழக்கூடிய மறுப்புகள்

குடும்பத்திற்குரியது எனக் கூறித் தரக்குறைவைப் பொறுத்தருள இம்முறை இடமளிக்காதா என வினவலாம். வீ கருவியின் வெற்றியை ஒட்டி, அவசரமாகச் செய்யப்பட்ட சிற்றாட்டத் தொகுப்புகள் கடைகளில் குவிந்தன. அவற்றைக் கடிந்துரைத்த திறனாய்வாளரின் பணி போற்றத்தக்கது. விளையாட்டை ஆடாத பெற்றோரே இத்தகைய பொருள்களுக்கு எளிதில் இரையாவர். ஐந்து கூறுகள் அளவுகோலைத் தளர்த்துவன அல்ல. அசைவைச் சரிவர உணராத ரிமோட் ஆட்டம் முதற்கூறிலேயே தோல்வியுறும். ஒரே மாலையில் சலிப்பது நான்காம் கூறில் தோல்வியுறும்.

குடும்பக் கருவியில் தனி ஆட்டக்காரரும் உளரே என்பது மற்றொரு மறுப்பு. 2009இல் கருப்பு வெள்ளையில் குருதி மட்டும் செந்நிறமாய்த் தெறித்த ‘மேட்வேர்ல்ட்’ வீ கருவிக்கே வந்தது, திறனாய்வாளர் பலர் பாராட்டினர், விற்பனை ஏமாற்றியது. அத்தகைய படைப்பை ஐந்து கூறுகளால் அளத்தல் பொருந்தாது. எனவே, இம்முறை கருவிக்கு உரியதன்று. குடும்பமாக ஆடுவதற்கு எனத் தன்னை முன்வைக்கும் விளையாட்டிற்கே உரியது.

எண்ணை முற்றாக நீக்குவதே தீர்வு என்பாரும் உளர். யூரோகேமர் தளம் 2015இல் மதிப்பெண்ணை விடுத்தது. 2023இல் ஐந்து விண்மீன் முறைக்குத் திரும்பியது. நேரமற்ற வாசகர்க்குச் சுருக்கக் குறி தேவை என்பதை இத்திரும்பல் காட்டுகிறது. ஒற்றை எண்ணுக்கும் எண்ணின்மைக்கும் இடையே, கூறுதோறும் குறியிடுதல் நடுவழியாக அமையும்.

8. முடிவுரை

காணொலி விளையாட்டு மதிப்பெண் ஒரு படைப்பின் தரத்தைக் குறிப்பதாகத் தோன்றினும், அது ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரரின் பட்டறிவையே குறிக்கிறது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. அவ்வாட்டக்காரர் பெரும்பாலும் தேர்ந்தவர்; தனித்தவர்; கால நெருக்கடியில் ஆடுபவர். குடும்பக் கருவியின் பயனாளரோ இம்மூன்றிலும் மாறுபட்டவர். வீ ஸ்போர்ட்ஸின் கைமாறும் ரிமோட்டும், மாரியோவின் குமிழியும், வீ ஃபிட்டின் கடுஞ்சொல்லும், அனிமல் கிராசிங்கின் ஒற்றைத் தீவும் இம்மாறுபாட்டின் நான்கு முகங்களாகும்.

முத்திரை, வயதுத் தரக்குறியீடு, மதிப்பெண் என்னும் மூன்றும் தத்தம் எல்லையில் பயனுடையவை. அவற்றின் எல்லையைப் பெற்றோர்க்கு விளக்குவதும், எல்லைக்கு வெளியே நிற்பவற்றை ஆடிப் பார்த்து எழுதுவதும் மதிப்புரையாளரின் கடமையாகும். தமிழில் காணொலி விளையாட்டுத் திறனாய்வு வளருங்கால், எண்ணை முதற்கண் இறக்குமதி செய்யாமல், குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே வகுத்துக் காட்டும் நெறியிலிருந்து தொடங்குதல் தகும்.